கூரைப்பாலத்தருகே ஒரு தேடல்

அன்புள்ள இராமநாதனுக்கு,

உன் கடிதம் கிடைத்தது. பேத்தி பள்ளியில் சேர்ந்த செய்தி அறிந்து மகிழ்ந்தேன். கைபேசியைப் பார்த்தபடி ஆற்றங்கரைகளில் டப்பா தேடி அலையும் என் புதுப் பித்தைக் கேலி செய்திருந்தாய். ஆகவே அதைப் பற்றியே எழுதுகிறேன்.

ஒருவர் பெட்டியை ஒளித்து இருப்பிடத்தை இணையத்தில் அறிவிக்க, மற்றவர்கள் தேடிக் கண்டுபிடித்து உள்ளிருக்கும் பதிவேட்டில் பெயர் எழுதுவதே ஜியோகேச்சிங். இந்த விளையாட்டுக்கு வழி திறந்தது அமெரிக்க அரசுதான். செயற்கைக்கோள் வழியே இருப்பிடம் காட்டும் ஜி.பி.எஸ். அமைப்பின் பொதுமக்களுக்கான அலைகளில் வேண்டுமென்றே புகுத்தியிருந்த பிழையை 2000 மே 2ஆம் தேதி அது நீக்கியது. மறுநாளே ஓரிகன் மாநிலத்தில் டேவ் உல்மர் என்பவர் ஒரு வாளியைப் பாதி மண்ணில் புதைத்துவிட்டு, இடத்தின் அட்சரேகை, தீர்க்கரேகைகளை இணையத்தில் அறிவித்தார். இன்றைய விதிகளோ நில உரிமையாளரின் அனுமதியின்றி மண்ணைத் தோண்டிப் புதைப்பதைத் தடை செய்கின்றன என்பது வேடிக்கை.

சென்ற வாரம் நான் தேடிச் சென்றது கார்னிஷ்-வின்ட்சர் கூரைப்பாலத்தின் பக்கம். கனெக்டிகட் ஆற்றின்மீது நியூ ஹாம்ப்ஷயரையும் வெர்மான்ட்டையும் இணைத்து 1866இல் எழுந்த இம்மரப்பாலம், ஏறத்தாழ 137 மீட்டர் நீளமுடையது. மாநில எல்லை ஆற்றின் நடுவில் அல்லாமல் வெர்மான்ட் பக்கத்துக் கரையோரமாகச் செல்வதால், பாலம் பெரும்பாலும் நியூ ஹாம்ப்ஷயருக்கே உரியது. குதிரைகளை நடத்தியே கொண்டுசெல்ல வேண்டும், மீறினால் இரண்டு டாலர் அபராதம் என்ற அறிவிப்புப் பலகை முகப்பில் இன்னும் இருக்கிறது. கூரை பயணிகளுக்காகப் போடப்பட்டதென்றே பலரும் எண்ணுகிறார்கள். உண்மையில் பாரம் தாங்கும் பக்கச் சட்டங்கள் மழையில் நனைந்து இற்றுப்போகாமல் காப்பதே அதன் வேலை. மூடப்படாத மரப்பாலம் ஓரிரு பத்தாண்டுகளில் உளுத்துவிடும். இதுவோ நூற்றைம்பது ஆண்டுகளைத் தாண்டி வண்டிகளைச் சுமக்கிறது.

இங்கேதான் எனக்கொரு மனக்குறை. குறுக்கும் நெடுக்குமாகப் பின்னிய சட்டங்களின் இடுக்குகள் விரற்கடை அளவு டப்பாவை ஒளிப்பதற்கென்றே செய்தவை போலத் தோன்றுவதால், வேறு சில கூரைப்பாலங்களில் அங்கேயே செருகிவிடுகிறார்கள். தேடுபவர்களுக்கு அந்த இடுக்கு எதுவென்று தெரியாது. கூரையின் கீழ் ஜி.பி.எஸ். சில மீட்டர்கள் தடுமாறும் என்பதால், ஒவ்வொருவரும் ஒவ்வொரு இணைப்பையும் நெம்பியும் தட்டியும் பார்ப்பார்கள். ஒளித்தவர் பாலத்துக்கு ஒரு கீறலும் செய்யாமலிருக்கலாம்; ஆனால் வரப்போகும் கைகளுக்கும் அவரே பொறுப்பு. உரிமையாளரின் அனுமதி வேண்டும், எதையும் சேதப்படுத்தலாகாது என்னும் விதிகளைப் பொருளுணர்ந்து படித்தால், டப்பா பாலத்தில் அல்ல, பாலம் கண்ணில் படும் தொலைவில் இருக்க வேண்டும்.

நான் கண்டது அப்படிப்பட்டதுதான். கரையோரத்தில் ஒரு மரத்தின் வேர்களுக்கிடையே, நீர் புகாத சிறு பெட்டி. உள்ளே சுருட்டிய பதிவேடு மட்டும். அதில் பெயரும் தேதியும் எழுதிவிட்டு நிமிர்ந்தால், பாலத்தின் முழு நீளமும் தெரிந்தது. பெட்டியை வைத்தவர் ரசனையுள்ளவர்.

அக்டோபரில் மகன் வீட்டுக்கு வரும்போது இங்கும் வந்து நான்கு நாட்கள் தங்கு. நல்ல காலணியும் ஒரு பேனாவும் போதும். சிறிய பெட்டிகளில் எழுதுகோல் வைக்க இடமிருப்பதில்லை.

அன்புடன்,
சிதம்பரம்