பேஸ் கிட்டாரோடு நின்றுவிட்டவர் அல்லர்

ஐயா,

ஞாயிறு இணைப்பில் ஜெர்மனியின் ‘கேன்’ ராக் குழு பற்றி வெளியான கட்டுரையைப் படித்தேன். ஹோல்கர் சூக்காயை ‘பேஸ் கிட்டார் வாசித்தவர்’ என்று ஒரே வரியில் கடந்துபோனது பொருந்தாது. ஜெர்மானிய இசையமைப்பாளர் ஸ்டாக்ஹவுசனிடம் பயின்று, 1968-ல் கொலோனில் அக்குழுவைத் தொடங்கியவர்களுள் ஒருவர் அவர். நீண்ட கூட்டு வாசிப்புகளை இரண்டே தடங்களில் பதிந்து, டேப்பை வெட்டி ஒட்டிப் பாடலாக உருவாக்கியவரும் அவரே. 1977-ல் பேஸைக் குழுவில் புதிதாகச் சேர்ந்த ரோஸ்கோ ஜீயிடம் விட்டுவிட்டுச் சிற்றலை வானொலியை இசைக்கருவிபோலக் கையிலெடுத்தார். அப்படிப் பிடித்த ஈரானியப் பாட்டுக் குரல்தான் 1979-ல் வந்த ‘மூவீஸ்’ இசைத்தட்டில் ஒலிக்கிறது. பிற ஒலிப்பதிவிலிருந்து ஒரு துண்டை எடுத்துப் பாடலில் சேர்க்கும் ‘சாம்பிள்’ முறை கணினியில் வாடிக்கையாகும் முன்பே செய்த வேலை இது!

ஒலிப்பதிவுக் கூடமொன்றில் ஸ்பூல் டேப்புடன் பணியாற்றியவன் என்பதால் அந்த உழைப்பை அறிவேன். டேப்பைக் கையால் முன்னும் பின்னும் உருட்டி, ஓசை தொடங்கும் இடத்தில் மெழுகுப் பென்சிலால் குறியிட்டு, பிளேடால் சாய்வாக வெட்டி ஒட்ட வேண்டும். மயிரிழை தவறினாலும் தாளம் இடறும். பழையபடி மீட்கும் பொத்தானெல்லாம் அன்று கிடையாது. இசைத்தட்டுகளைப் பற்றி எழுதும்போது வாசித்தவர்களோடு, ஒலிப்பதிவும் தொகுப்பும் செய்தவர்களின் பெயர்களையும் தங்கள் நாளிதழ் தவறாமல் வெளியிட வேண்டும். சூக்காயின் தொகுப்புப் பணி குறித்துத் தனிக் கட்டுரை ஒன்று வந்தால் நல்லது.

– வாசகர், திருச்சி