பேனரில் ஒரு படம்

ஆசிரியருக்கு வணக்கம்.

இளைஞர்கள் தீவிரவாதத்தில் சிக்குவது பற்றிய தங்கள் தலையங்கம் முழுக்க மதத்தையே பேசியது. 1998 பிப்ரவரி 14 அன்று கோவையில் வெடித்த குண்டுகளுக்கு 58 பேர் பலியானார்கள்; அதை யாரும் மறக்க வேண்டாம். ஆனால் 2015இல் வேறு சாதிப் பெண்ணோடு பழகியதற்காகக் கோகுல்ராஜ் கொல்லப்பட்டதும், 2016இல் உடுமலை பஸ் நிலையம் அருகே பட்டப்பகலில், வேறு சாதிப் பெண்ணை மணந்த சங்கர் வெட்டிச் சாய்க்கப்பட்டதும் வேறென்ன? சாதி என்றதும் பேனா ஏன் தயங்குகிறது?

திருப்பூரில் நானும் என் கணவரும் பவர்டேபிள், அதாவது பனியன் தைத்துக் கொடுக்கும் சிறு தையல் கூடம், நடத்துகிறோம். காங்கயம் பக்கத்திலிருந்து ஒரு பையன், தையல்காரருக்குத் துணியை மடித்துக் கொடுக்கும் கைமடி வேலைக்கு வந்தான். ஊரில் வானம் பார்த்த பூமி. இங்கே லைன் வீட்டில் ஒண்டுக்குடித்தனம். ஒன்றரை ஷிப்ட் முடித்துப் போனால் "சாப்பிட்டாயா" என்று கேட்க ஆளில்லை. கேட்டது ஒரு சாதிச் சங்கம்தான். சீக்கிரமே அவனுக்கு ஒன்றியப் பொறுப்பு கிடைத்தது. மாரியம்மன் நோம்பிக்கு ஊரில் கட்டிய பேனரில் தலைவருக்குக் கீழே அவன் படம். அந்தப் பெருமையை எங்கள் சம்பளத்தால் தர முடியுமா? கொள்கையெல்லாம் அதற்குப் பிறகு வந்ததுதான். அதுவரை சேர்ந்து சாப்பிட்ட வேறு சாதிப் பையனை விட்டு விலகி உட்கார ஆரம்பித்தான்.

அயர்னிங் செய்யும் பெரியவர் ஈரோட்டுப் பெரியாரையெல்லாம் துணைக்கழைத்து வாதாடினார். இவன் இன்னும் விறைத்துக்கொண்டான். போலீசில் சொல்லலாம் என்றார் என் கணவர். சொல்லியிருந்தால் அடுத்த பேனரில் படம் பெரிதாகியிருக்கும்!

பெரியவர் வாதத்தை விட்டுவிட்டு, ஞாயிறுதோறும் அவனை ஓவர்லாக் மிஷினில் உட்காரவைத்துத் தையல் பழக்கினார். சங்கக் கூட்டமும் ஞாயிறுதான். இப்போது கூட்டத்துக்குப் போவது குறைந்திருக்கிறது. மனம் மாறிவிட்டான் என்று சொல்லமாட்டேன். வாட்ஸ்அப் குழுவில் இருக்கிறான், பழைய பேச்சும் அவ்வப்போது வருகிறது.

நம் பனியன் போய்ச் சேரும் ஜெர்மனியில், நாஜிக் கும்பல்களை விட்டு விலக விரும்புவோருக்கு உதவ 2000ஆம் ஆண்டிலேயே 'எக்ஸிட்' என்ற அமைப்பைத் தொடங்கினார்கள். இங்கே ஒருவன் விலக நினைத்தால் எந்தக் கதவைத் தட்டுவான்? சனிக்கிழமை சம்பளம் கைக்கு வந்ததுமே சங்கத்து ஆட்கள் லைன் வீடுகளுக்கு வந்துவிடுகிறார்கள். தொழிலாளர் துறையும் உற்பத்தியாளர் சங்கங்களும் எப்போது வரும்?

– பவர்டேபிள் உரிமையாளர்,
வேலம்பாளையம், திருப்பூர்.