பச்சைச் சட்டை கேப்டன்

மதிப்பிற்குரிய ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். ‘ஸ்டார் டிரெக்’ என்ற அமெரிக்க விண்வெளித் தொலைக்காட்சித் தொடரை ஒட்டி வந்த பழைய காமிக்ஸ் இதழ்களைப் பற்றி வாசகர்கள் பகிர்ந்திருந்த நினைவுகளைச் சென்ற இதழில் படித்தேன். அவை பிழைகள் மலிந்தவை என்றும், தொடரைத் தொலைக்காட்சியில் பார்த்த எவராலும் சிரிக்காமல் அவற்றைப் புரட்ட முடியாது என்றும் ஒரு வாசகர் எழுதியிருந்தார். அவர் சுட்டிய பிழைகள் எல்லாம் உண்மையே. ஆனால் அது தொடரை முதலில் பார்த்துவிட்டுக் காமிக்ஸுக்கு வந்தவரின் கணக்கு. தென்னாப்பிரிக்காவின் டர்பனில் வளர்ந்த எங்களுக்குக் காமிக்ஸ்தான் முதலில் வந்தது. தொடர் பல ஆண்டுகள் கழித்து, வாடகைக்கு எடுத்த வீடியோ நாடாவில் வந்து சேர்ந்தது.

தென்னாப்பிரிக்காவில் நாடு தழுவிய தொலைக்காட்சி தொடங்கியது 1976 ஜனவரி 5 அன்றுதான் என்பது இன்றைய பிள்ளைகளுக்கு நம்ப முடியாத செய்தி. பணமோ கருவியோ இல்லாமல் நேர்ந்த தாமதம் அல்ல அது. அத்துறைக்குப் பொறுப்பாக இருந்த அமைச்சர் ஆல்பர்ட் ஹெர்ட்சாக் தொலைக்காட்சியைச் சாத்தானின் பெட்டி என்றே கருதினார். 1969 ஜூலையில் நிலவில் மனிதன் இறங்கியபோது உலகம் அதைக் கண்ணால் கண்டது. நாங்கள் வானொலியைச் சுற்றி உட்கார்ந்து காதால் கேட்டோம். அப்படிப்பட்ட ஊரில் விண்வெளி என்பது, கிரே தெருவை ஒட்டிய சந்தில் இருந்த பழைய புத்தகக் கடையில், இரண்டு இதழ்களைக் கொடுத்தால் ஒன்று கிடைக்கும் என்ற கணக்கில் கைக்கு வந்த, கோல்டு கீ பதிப்பகத்தின் ‘ஸ்டார் டிரெக்’ இதழ்தான். அந்த வரிசையில் 1967 முதல் 1979 வரை மொத்தம் 61 இதழ்கள் வெளிவந்தன. எங்களுக்குக் கிடைத்தவை அவற்றில் பதினைந்துகூட இருக்காது. அவற்றுள்ளும் பாதிக்கு அட்டை இல்லை.

அட்டை இருந்த இதழ்களில்தான் சிக்கலே தொடங்கும். தொடக்க கால அட்டைகளில் நடிகர்களின் வண்ணப் புகைப்படங்களை அச்சிட்டிருந்தார்கள். அட்டையில் நீலச் சட்டை அணிந்திருக்கும் விண்கல அதிகாரி ஸ்போக், உள்ளே பக்கத்தைத் திருப்பினால் பச்சைச் சட்டையில் இருப்பார். கலத்தின் கேப்டன் கிர்க்கின் சட்டையும் பச்சைதான். இதைப் பற்றி என் அண்ணனிடம் கேட்டபோது, கலத்துக்குள் எரியும் விளக்கு வேறு, புகைப்படக்காரன் போடும் விளக்கு வேறு, ஆகையால் துணியின் நிறம் மாறித் தெரிகிறது என்று அவர் தயங்காமல் விளக்கம் சொன்னார். எனக்கு அது போதுமானதாக இருந்தது.

உண்மைக் காரணத்தை வளர்ந்த பிறகே அறிந்தேன். முதல் இதழ்களை வரைந்த நெவியோ சக்காரியாவும் அவருக்குப் பின் நெடுங்காலம் வரைந்த அல்பெர்ட்டோ ஜியோலிட்டியும் இத்தாலியர்கள். தொடரைப் பார்த்திராமல், பதிப்பகம் அனுப்பிய விளம்பரப் புகைப்படங்களை வைத்துக்கொண்டே அவர்கள் வரைந்தார்கள். அவர்களுடைய விண்கலமான என்டர்பிரைஸின் பின்புறக் குழாய்களிலிருந்து ராக்கெட்டைப் போல் நெருப்புக் கக்கியதற்கும் அதுவே காரணம். அந்த வகையில் ஓவியர்களும் நாங்களும் ஒரே நிலையில் இருந்திருக்கிறோம்: தொடரைக் காணாதவர்கள் வரைந்ததைத் தொடரைக் காணாதவர்கள் படித்தோம். அறுவடைக்கு முன் கரும்புத் தோட்டங்களுக்குத் தீ வைக்கும் இரவுகளில் வடக்குக் கரையோர வானம் சிவந்து கிடப்பதைப் பார்த்து வளர்ந்த எங்களுக்கு, நெருப்பில்லாமல் ஒரு கலம் நகரும் என்பதுதான் நம்பத்தகாததாக இருந்திருக்கும். வீடியோவில் அந்தக் கலம் புகையும் தீயும் இன்றி வழுக்கிக்கொண்டு சென்றதைக் கண்டபோது எனக்கு ஏமாற்றமே மிஞ்சியது.

சட்டையின் கதை இன்னும் சுவையானது. தொடரில் பொன்னிறமாகத் தெரியும் கிர்க்கின் சட்டை உண்மையில் பச்சை சார்ந்த துணியால் தைக்கப்பட்டது என்பதையும், படப்பிடிப்பு விளக்குகளும் படச்சுருளும் சேர்ந்தே அதைப் பொன்னிறமாகக் காட்டின என்பதையும் ஆடை வடிவமைப்பாளர் வில்லியம் தீஸ் தெரிவித்திருக்கிறார். ஸ்போக்கின் சட்டைக்கு இந்தச் சமாதானம் பொருந்தாது என்பதை ஒப்புக்கொள்கிறேன். ஆனாலும் விளக்கின் மேல் பழி போட்ட என் அண்ணன், கேப்டனைப் பொறுத்தவரை, தற்செயலாகவேனும் சரியாகச் சொல்லியிருக்கிறார்.

உண்மையான குறை என்று நான் கருதுவதை அந்த வாசகர் தொடவே இல்லை. மனிதரை விழுங்கும் செடிகள் நிறைந்த கோளுக்குச் செல்லும் முதல் இதழின் கதை முடிவில், அந்தக் கோளின் உயிரினம் முழுவதையும் கலத்தின் கதிர்களால் எரித்துவிட்டுப் புறப்படுகிறார்கள். பிற உலகங்களின் வாழ்வில் குறுக்கிடலாகாது என்பதை விதியாகக் கொண்ட தொடருக்கு இது நேர் எதிரானது. சிறுவனாக நான் அதற்குக் கைதட்டியிருக்கிறேன். கலத்தின் பெண் அதிகாரி உஹுராவைப் படங்களின் ஓரத்திலேயே நிறுத்தியிருந்ததும் ஒரு குறைதான். இருந்தாலும், கடற்கரை இருக்கையில்கூட எந்த இனத்தவர் அமரலாம் என்று பலகை வைத்திருந்த எங்கள் நகரில், ஒரு கறுப்பினப் பெண் அதிகாரி, வெள்ளையர்கள் இருக்கும் அதே அறையில் தம் இருக்கையில் அமர்ந்து வேலை பார்ப்பதை அந்த ஓரப் படங்களில்தான் நான் முதலில் பார்த்தேன். அவருடைய பெயருக்கு மூலமான சுவாஹிலிச் சொல்லின் பொருள் விடுதலை என்று எங்களுக்கு அப்போது யாரும் சொல்லவில்லை.

அந்த வாசகர் தம்மிடமுள்ள பிரதிகளை எவருக்காவது கொடுத்துவிட எண்ணினால், தங்கள் அலுவலகத்தின் வழியாக எனக்குத் தெரிவிக்குமாறு கேட்டுக்கொள்கிறேன். அட்டை கிழிந்திருந்தாலும் கடைசிப் பக்கம் இல்லாவிட்டாலும் வாங்கிக்கொள்வேன். உள்ளே சட்டை மட்டும் பச்சையாக இருக்க வேண்டும்.

இப்படிக்கு,
தங்கள் நெடுநாள் வாசகன்,
சாட்ஸ்வர்த், டர்பன்.