நிழற்குடைத் தூணில் தொங்கும் லைட்டரை அகற்றக் கோரும் மனு

அனுப்புநர்:
மளிகைக் கடைக் கணக்கர்,
கடலூர் முதுநகர்.
(பெயர், முகவரி, கைபேசி எண் இணைப்புத் தாளில்)

பெறுநர்:
மாவட்ட ஆட்சித் தலைவர் அவர்கள்,
மாவட்ட ஆட்சியர் அலுவலகம்,
கடலூர்.

பொருள்: பேருந்து நிழற்குடையில் புகைபிடிப்பதைத் தடுக்க வேண்டுதல் – தொடர்பாக.

மதிப்பிற்குரிய ஆட்சியர் அவர்களுக்கு,

வணக்கம். என் அம்மாவுக்கு 68 வயது. ஏலத்தில் மீன் எடுத்து, கூடையைத் தலையில் வைத்துத் தெருத்தெருவாக விற்றவர். எழுதப் படிக்கத் தெரியாது. ஆனால் யார் எந்த வாரம் எவ்வளவு கடன் சொன்னார்கள் என்று நாற்பது வீட்டுக் கணக்கும் மனசில் இருக்கும். இரண்டு வருடத்துக்கு முன் லேசான பக்கவாதம் வந்தது. கை கால் தேறிவிட்டது, ஞாபகம் தேறவில்லை. மருத்துவமனை வரிசையில் கால் மணி நேரத்துக்குள் மூன்று முறை "சீட்டு எடுத்தியாப்பா?" என்று கேட்கிறார். சீட்டு அவர் கையில்தான் இருக்கும்.

"வீட்டில் யார் பீடி பிடிப்பாங்க?" என்று மருத்துவர் முதல் நாளே கேட்டார். அப்பா பிடித்தார். முப்பது வருடம், ஒற்றை அறை வீட்டில். அதுதான் காரணம் என்று அடித்துச் சொல்ல முடியாது, ரத்தக்கொதிப்பும் இருக்கிறது என்றவர், இனியாவது அம்மாவைப் புகைக்குப் பக்கத்தில் நிறுத்தாதீர்கள் என்றார். அப்பா காலமாகிவிட்டார், வீட்டில் புகை இல்லை. இப்போது புகை இருப்பது நாங்கள் பேருந்துக்கு நிற்கும் நிழற்குடையில்.

நிழற்குடையின் கிழக்குப் பக்கத்தை ஒட்டிப் பெட்டிக்கடை. முன்பெல்லாம் இப்படிக் கடைகளில் நுனி கனன்றபடி தேங்காய்நார்க் கயிறு தொங்கும். இப்போது நைலான் நூலில் லைட்டர், அதுவும் நிழற்குடைத் தூணிலேயே கட்டியிருக்கிறது. வாங்குபவர் அங்கேயே பற்றவைத்து, வெயிலுக்கு அம்மா பக்கத்தில் வந்து நின்றுகொள்கிறார். திறந்த இடம்தானே என்று கேட்கலாம். மூன்று பக்கம் சுவர். மதியம் கடல்காற்று கிழக்கிலிருந்து அடிக்கும்போது மொத்தப் புகையும் உள்ளேதான் வரும்.

புகை என்றால் நுரையீரல், புற்றுநோய் என்று மட்டுமே நாங்களும் நினைத்திருந்தோம். மூளைக்கும் அது போகும் என்பது அம்மாவுக்கு வந்த பிறகுதான் புரிந்தது. புகையிலுள்ள கார்பன் மோனாக்சைடு, ஆக்சிஜனைவிட 200 மடங்குக்கு மேல் இறுக்கமாக ரத்தத்தின் ஹீமோகுளோபினைப் பற்றிக்கொள்ளும். ரத்தக்குழாயின் உட்சுவர் கெடும், ரத்தம் எளிதில் உறையும். மூளையின் மெல்லிய குழாய்கள் அடைபட்டால் ஒவ்வொரு முறையும் கை கால் விழ வேண்டும் என்றில்லை. யோசனை மெதுவாகும், ஞாபகம் தவறும். புகைபிடிக்காமலே பிறர் புகையைச் சுவாசிப்பவருக்கும் பக்கவாத அபாயம் 20 முதல் 30 சதவீதம் கூடுகிறது. மறதி நோய்க்கான தவிர்க்கக்கூடிய காரணங்கள் என்று லான்செட் மருத்துவ இதழின் ஆணையம் 2020இல் 12, 2024இல் 14 என்று பட்டியலிட்டது. இரண்டிலும் புகைப்பழக்கம் இருக்கிறது.

அதே நிழற்குடையில் சாயங்காலம் பள்ளிப் பிள்ளைகள் நிற்கிறார்கள். 6 முதல் 16 வயதுள்ள 4,000க்கும் மேற்பட்ட பிள்ளைகளின் ரத்தத்தைச் சோதித்த ஓர் அமெரிக்க ஆய்வு 2005இல் வெளியானது. நிகோடின் உடம்பில் மாறி உண்டாகும் கோட்டினின் கூடுதலாக இருந்த பிள்ளைகள் வாசிப்பிலும் கணக்கிலும் குறைவாக மதிப்பெண் எடுத்திருந்தார்கள். வீட்டில் டியூஷனுக்குக் காசு கட்டிவிட்டு இங்கே இதைச் சுவாசிக்க விடுகிறோம்.

சொல்லிப் பார்த்தேன். "ஒரு தம் போட்டாத்தான் சார் மூளையே வேலை செய்யும்" என்று சிரித்தார் ஒருவர். பொய் சொல்லவில்லை, அவருக்கு அப்படித்தான் தெரியும். நிகோடின் சில நொடிகளில் மூளைக்கு ஏறிவிடுகிறது. அது இறங்கியதும் வரும் தவிப்பை அடுத்த சிகரெட் அடக்குகிறது, அதைத்தான் தெளிவு என்கிறார். அவர்மேல் எனக்குக் கோபம் இல்லை. என் அப்பாவும் அப்படித்தான்.

புதுச் சட்டம் எதுவும் கேட்கவில்லை. சிகரெட் மற்றும் பிற புகையிலைப் பொருட்கள் சட்டம் 2003இல் வந்தது. பொது இடத்தில் புகைபிடிக்கக் கூடாது என்று 2008 அக்டோபர் 2 முதல் நடைமுறையில் உள்ள விதிகளில் பேருந்து நிறுத்தமும் அடங்கும், அபராதம் 200 ரூபாய் வரை. பொது இடத்தில் தீப்பெட்டி, லைட்டர், சாம்பல் கிண்ணம் வைக்கக் கூடாது என்றும், யாரிடம் புகார் சொல்வது என்று பெயர் எழுதி வைக்க வேண்டும் என்றும் அதே விதிகள் சொல்கின்றன. எங்கள் நிழற்குடையில் எச்சரிக்கைப் பலகை இருக்கிறது. பெயர் எழுத வேண்டிய இடம் வெறுமையாக இருக்கிறது, மேலே டியூஷன் விளம்பரம் ஒட்டியிருக்கிறது.

ஆகவே, அந்த லைட்டரை முதலில் அவிழ்க்கச் சொல்ல வேண்டும். பலகையில் பொறுப்பு அலுவலரின் பெயரும் எண்ணும் எழுதப்பட வேண்டும். புகைப்பழக்கத்தை விட நினைப்பவர்களுக்காக 1800-11-2356 என்ற கட்டணமில்லா எண்ணையும் சேர்த்து எழுதினால் நல்லது. மதியமும் பள்ளி விடும் நேரமும் யாராவது வந்து பார்த்தால் போதும், நாள் முழுக்கக் காவல் தேவையில்லை. கடைக்காரர் பிழைப்பைக் கெடுப்பது என் எண்ணம் அல்ல. அதனால்தான் நிறுத்தத்தின் பெயரை இங்கே எழுதாமல் தனித்தாளில், புகைப்படத்துடன் வைத்திருக்கிறேன்.

அடுத்த மாதம் முதல் செவ்வாய்க்கிழமை அம்மாவுக்கு மருத்துவமனைத் தேதி. பன்னிரண்டரை மணிக்கு அதே நிழற்குடையில்தான் நிற்போம்.

இப்படிக்கு,
தங்கள் உண்மையுள்ள,
(ஒப்பம்)

இணைப்பு: இருப்பிட விவரம் 1, புகைப்படம் 2