செருப்பைக் கழற்றச் சொல்லுங்கள்

மலையகத் தேயிலைத் தோட்டங்களில் பணிபுரியும் வைத்திய உத்தியோகத்தர்களுக்கும் மருத்துவ மாதர்களுக்கும் வணக்கம்.

என் அத்தை 30 வருடம் கொழுந்து பறித்தவர். குதிகாலில் ஒரு கறுப்புத் திட்டு வந்தது. அட்டை கடித்த தழும்பு என்றார், அப்புறம் கல் குத்தியது என்றார். டிஸ்பென்சரிக்குப் போன ஒவ்வொரு முறையும் பூச்சு மருந்துதான் கிடைத்தது. கவட்டில் நெறி கட்டிய பிறகுதான் பெரிய ஆஸ்பத்திரிக்கு அனுப்பினார்கள். சதை வெட்டிப் பார்த்தார்கள். மெலனோமா, தோல் புற்றுநோய்.

நம் நிறத்துக்கு அது வராது என்றுதான் நாங்களும் நினைத்திருந்தோம். குறைவு, உண்மைதான். ஆனால் வந்தால் பெரும்பாலும் வெயிலே படாத இடத்தில் வருகிறது: உள்ளங்கால், உள்ளங்கை, நகத்தின் அடி. த்ரீவீல்களில் படமாக ஒட்டியிருக்கும் பாடகர் பொப் மார்லிக்கும் கால்விரல் நகத்தடியில்தான் வந்தது. பந்து விளையாடியதில் பட்ட காயம் என்று நினைத்தாராம். 1981இல், 36 வயதில் இறந்தார்.

எங்கள் ஆட்களுக்கு இன்னொரு சிக்கல், கொழுந்துக் கறை. விரலெல்லாம் எப்போதும் கறுத்தே இருக்கும். அதில் புதிதாக ஒரு கறுப்பை யார் கவனிப்பது? நகத்தில் கறுப்புக் கோடு பலருக்கும் உண்டு, அநேகமாகப் பயப்பட ஒன்றுமில்லை. ஒரே நகத்தில் புதிதாக வந்து, அகலமாகி, பக்கத்துத் தோலுக்கும் பரவினால் அது வேறு. அதே போலத்தான் பழைய தீக்காயத் தழும்பில் வருகிற ஆறாத புண், அதுவும் தோல் புற்றாக இருக்கலாம். 'சீனிப் புண்' (நீரிழிவுப் புண்) என்று சொல்லி மாதக்கணக்கில் கட்டுப் போட்டுக்கொண்டிருக்க வேண்டாம். வெட்டிப் பார்க்க அனுப்பிவிடுங்கள்.

பெரிய கருவி எதுவும் கேட்கவில்லை. பிரஷர் பார்க்க வருகிறவரிடம் செருப்பைக் கழற்றச் சொல்லி, இரண்டு பாதத்தையும் விரலிடுக்கையும் பாருங்கள். 35 வயதுப் பெண்களை நோய்ப் பரிசோதனைக்காகச் சுகவனிதையர் கிளினிக்குக்குக் கூப்பிடுகிறீர்களே, அன்றைக்கே இதையும் சேர்க்கலாம். தன் உள்ளங்காலைத் தானே பார்ப்பது கஷ்டம். வீட்டுப் பிள்ளைகள் போன் வெளிச்சத்தில் மாதம் ஒருமுறை பார்த்துச் சொல்லப் பழக்குங்கள். டவுன் ஆஸ்பத்திரிக்கு அனுப்பினால் அன்றைய பேர், அதாவது அன்றைய நாள் சம்பளம், போய்விடும் என்றுதான் பலர் போகாமல் இருக்கிறார்கள். அந்தப் பேரை வெட்டாமலிருக்கத் தோட்டத் துரையிடம் நீங்கள் ஒரு வார்த்தை சொன்னால் எடுபடும்.

மலையிலிருந்து நேரே வருகிறவர்களின் காலில் சேறு இருக்கும். வாசலில் ஒரு வாளித் தண்ணீர் வைத்துவிடுங்கள்.