மாங்காவின் முதுகு வலப்பக்கம்

எங்கள் ஊர் நூலக நிர்வாகத்தினருக்கு வணக்கம்.

போன மாதம் பைண்டிங்குக்குப் போன மாங்கா, அதாவது ஜப்பானியப் படக்கதைத் தொகுதிகள் திரும்பி வந்துவிட்டன. என்ன கோலத்தில் வந்திருக்கின்றன என்பது தங்களுக்கே தெரியும். வாசகர் ஏட்டில் மூன்று முறை எழுதியாயிற்று.

மாங்கா வலமிருந்து இடமாக ஓடும். முன்னட்டை நம்மைப் பார்த்திருந்தால் முதுகு வலக்கைப் பக்கம் இருக்கும். பைண்டர் பின்னட்டையை முன்னட்டை என்று எண்ணி ஒன்று, இரண்டு, மூன்று என ஒரே கட்டாக அடுக்கிக் காலிகோத் துணி ஒட்டிவிட்டார். முறைப்படி பிரித்தால் மூன்றாம் தொகுதி முதலில் வருகிறது. தமிழ்ப் புத்தகம்போல் பிரித்தால் முதல் தொகுதியின் கடைசிப் பக்கம்.

அதைக்கூடச் சமாளித்துப் படித்துவிடலாம். தையலைத்தான் பொறுக்க முடியவில்லை. முதுகிலிருந்து ஒரு சென்டிமீட்டர் உள்ளே குத்துத் தையல். நாவலுக்கு ஓரத்தில் வெற்றிடம் உண்டு, தாங்கும். மாங்காவில் படம் மடிப்புவரை போகும். இடப்பக்கத்தின் கடைசிக் கட்டத்தில் ஒரு கை தாழ்ப்பாளைத் தொடும்; அங்கே பக்கம் முடியும். தாளைத் திருப்பினால் இரு பக்கமும் சேர்ந்த ஒரே படம், நடு மடிப்பில் கதவுக்குப் பின்னால் நின்றவரின் முகம். அந்த முகம் இப்போது நூலுக்குள் கிடக்கிறது. ஞாயிறு வாசகர் கூட்டத்தில் அந்தத் திருப்பத்தைப் பற்றிப் பேச உட்கார்ந்தால் காட்டப் படம் இல்லை.

தயவுசெய்து மாங்காவைக் குத்தித் தைக்காதீர்கள். தொகுதிகளைச் சேர்த்துக் கட்டாதீர்கள். முதுகு விட்டிருந்தால் முதுகில் மட்டும் பசை தடவி ஓர் இரவு பாரம் வைத்தால் போதும். ஓரமும் வெட்ட வேண்டாம். வெட்டினால் பேச்சுக் குமிழும் சேர்ந்து போய்விடுகிறது.

படம் போட்டதெல்லாம் பிள்ளைகளுக்கு என்ற நினைப்பும் மாற வேண்டும். பெரியவர்களுக்கான 'யங் அனிமல்' என்ற ஜப்பானிய இதழில் வந்த 'பெர்செர்க்' மாங்கா இங்கே சிறுவர் அலமாரியில் இருக்கிறது. அதன் வெட்டுக்குத்தும் கொடூரமும் பத்து வயதுப் பிள்ளை பார்க்கக் கூடியவை அல்ல. 'நருட்டோ' மொத்தம் 72 தொகுதி. இங்கே மூன்றுக்குப் பிறகு பதினொன்று. நடுவே நடந்ததை யாரிடம் கேட்பது?

தருமபுரி, கிருஷ்ணகிரிப் பக்கம் படத்தில் கதை சொல்வது புதிதும் அல்ல. மூன்றடுக்கு நடுகல்லை அடியிலிருந்து மேலே பார்க்கிறோம்: கீழே போர், நடுவில் வீரனை ஏந்திப் போகும் வானுலகப் பெண்கள், உச்சியில் இறைவன் சந்நிதி. அந்தக் கல்லை யாரும் தலைகீழாக நடுவதில்லை.

அடுத்த கட்டு பைண்டரிடம் போகுமுன் எங்களுக்குச் சொல்லி அனுப்புங்கள். இருவர் வந்து ஒவ்வொரு முன்னட்டையின் உட்புறமும் பென்சிலால் 'முன்' என்று எழுதித் தருகிறோம். ஏற்கெனவே தைத்தவற்றைப் பிரிக்கவும் அனுமதி வேண்டுகிறோம். குத்தித் தைக்க மட்டும் இனி அனுப்ப வேண்டாம், ஐயா.

இப்படிக்கு,
மாங்கா வாசகர்கள்,
தருமபுரி மாவட்டம்