உள் தாழ்ப்பாள்

அன்புள்ள கயல்,

நீ அனுப்பிய பிளானை அப்பா ஜெராக்ஸ் கடையில் பெரிய தாளில் எடுத்து வந்தார். மூன்று நாளாகச் சாப்பாட்டு மேஜையில்தான் கிடக்கிறது. மனநல வார்டு கட்டும் வேலை உன் கைக்கு வந்ததில் எனக்கு அவ்வளவு சந்தோஷம்.

26 வருஷம் நான் வேலை பார்த்த பெண்கள் வார்டு உனக்குத் தெரியாது. உன்னை ஒரு நாளும் உள்ளே கூட்டிப்போனதில்லை. ஒரே ஹாலில் 40 கட்டில். வாசலில் இரும்புக் கேட். நான் சாவி போட்டுத் தள்ளும்போதெல்லாம் ஓரக் கட்டில் பாட்டி இரண்டு காதையும் பொத்திக்கொள்வார். எண்ணெய் விட்டுப் பார்த்தேன், சத்தம் போகவில்லை. குளியலறைக்கு உள் தாழ்ப்பாள் கிடையாது. உள்ளே பூட்டிக்கொண்டு ஏதாவது செய்துகொள்வார்களோ என்ற பயம் நியாயம்தான். ஆனால் பிள்ளை பெற்ற பெண்கள் ஒரு கையால் கதவைப் பிடித்துக்கொண்டே குளிப்பார்கள். உன் பிளானில் உள்ளே தாழ்ப்பாளும் அவசரத்துக்கு வெளியிலிருந்து திறக்கச் சாவியும் இருப்பதைப் பார்த்து அழுதுவிட்டேன்.

சண்டை வந்தால் நோய் முற்றிவிட்டது என்று எழுதி ஊசி போடுவோம். ஒருத்திக்கு அழ வேண்டும், பக்கத்துக் கட்டிலுக்குத் தூங்க வேண்டும், இருவருக்கும் ஒதுங்க ஒரு மூலை இல்லை. பல நாள் விஷயம் அவ்வளவுதான். நீ சொன்ன ஸ்வீடன் ஆஸ்பத்திரியைப் பற்றிப் படித்தேன், கோதன்பர்க்கில் இருக்கும் ஓஸ்த்ரா. தனி அறை, தனிக் குளியலறை, கண்ணுக்குத் தோட்டம். பழைய கட்டடத்தில் இருந்ததைவிட நோயாளிகளைக் கட்டிவைப்பது அங்கே பாதியாகக் குறைந்தது என்று ஆஸ்பத்திரிக் கட்டட அமைப்பை ஆராயும் ரோஜர் உல்ரிக் குழுவினர் 2018-இல் எழுதியிருக்கிறார்கள். எத்தனை பேர் கையை நானே கட்டியிருக்கிறேன்! அன்று ராத்திரி எனக்குத் தூக்கம் வரவில்லை.

அப்புறம், கிழக்குப் பக்கத்தை ஏன் ஸ்டோருக்குக் கொடுத்தாய்? மிலனில் செய்து 2001-இல் வெளிவந்த ஆய்வில், காலை வெயில் விழும் அறையில் இருந்த பைபோலார் நோயாளிகள், அதாவது மனம் மாறி மாறி அதீத எழுச்சியிலும் சோர்விலும் விழுகிறவர்கள், மேற்கு அறைக்காரர்களைவிட மூன்றரை நாளுக்கு மேல் முன்னதாகவே வீடு திரும்பினார்கள். மாற்றிவிடு.

நர்ஸ்களுக்கு அறை எங்கே? தேடித் தேடிப் பார்த்தேன். ஒரு நோயாளி அடித்து என் உதடு கிழிந்த அன்று, மருந்து அலமாரிக்கும் சுவருக்கும் நடுவே நின்றபடி அழுதேன். ஐந்து நிமிஷத்தில் அவளுக்கே மாத்திரை கொடுக்கப் போக வேண்டும். கை நடுங்கியது. முகம் கழுவ ஒரு குழாய், சாய ஒரு நாற்காலி, ஒரு ஜன்னல் போதும். படிக்கட்டுக்குப் பக்கத்தில் பெயர் எழுதாமல் ஒரு சதுரம் விட்டிருக்கிறாய். அதில் பென்சிலால் நானே ‘நர்ஸ் அறை’ என்று எழுதிவிட்டேன். போட்டோ எடுத்து அப்பா அனுப்புவார்.

நேரத்துக்குச் சாப்பிடு, கண்ணு.

அம்மா